பச்சைத் தேயிலை சென்ட்டும் யட்டியாந்தோட்டைச் சடங்கும்

தாய்மாமன் சீரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறியவன் எங்கள் சொந்தத்தில் நான் ஒருவன்தான். மற்ற மாமன்கள் மேளம் வைத்து, தட்டு ஏந்தி, தெருவை அடைத்துக்கொண்டு வருவார்கள். நான் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வரிசையில் நின்று, எதற்கு வந்தாய் என்று கேட்ட அதிகாரிக்குச் சடங்கு என்பதை எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தேன்.

கதை இதுதான். என் அம்மாவும் சின்னம்மாவும் பிறந்தது யட்டியாந்தோட்டைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். அம்மா குடும்பத்தோடு கப்பலேறி கோத்தகிரிக்கு வந்துவிட்டாள். சின்னம்மா அங்கேயே கல்யாணம் கட்டி, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு ஒரே மகள், புஷ்பம். கூடப் பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. புஷ்பத்தின் மகள் தர்ஷினி பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று போன் வந்ததும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். கோயம்புத்தூரில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற எனக்குத் தலைக்கு மேல் வேலை. இலங்கையில் சண்டை வேறு உச்சத்தில் இருந்தது. இதெல்லாம் அம்மாவிடம் எடுபடுமா? மாமன் இல்லாமல் அந்தப் பிள்ளைக்குச் சடங்கு நடந்தால் செத்துப்போன தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று அழுதே சாதித்துவிட்டாள்.

பட்டுச்சேலை, கண்ணாடி வளையல், அரைப்பவுன் தோடு என்று சாமான் சேர்ந்தது. கடைசியில் என் மனைவி ஒரு பாட்டிலைச் செருகினாள். அவள் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த சென்ட். இளம் பச்சைக் கண்ணாடி, மேலே இரண்டு இலையும் ஒரு மொட்டும் படம். பச்சைத் தேயிலை வாசமாம். எந்நேரமும் என் மேல் கிரீஸ் நாற்றம் அடிக்கிறதாம், சீர் கொண்டு போகிற இடத்திலாவது மனுஷன் மாதிரி மணக்க வேண்டுமாம். இருபது வருஷமாகக் கிரீஸில் சம்பாதித்துப் போட்ட சோற்றை மணக்க மணக்கத்தான் சாப்பிட்டாள். சொன்னால் சண்டை வரும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கொழும்பைத் தாண்டும் முன்பே பஸ்ஸை நிறுத்தினார்கள். தமிழ்ப் பேர் உள்ளவர்களை மட்டும் தனியாக நிற்க வைத்தார்கள். என் பாஸ்போர்ட்டை ஒரு சிப்பாய் முன்னும் பின்னும் புரட்டினான். இன்னொருவன் பெட்டியைக் கிளறி அந்தப் பச்சைப் பாட்டிலை வெளியே எடுத்தான். வெயிலில் தூக்கிப் பிடித்து ஆட்டினான். என்ன தண்ணீர் இது என்று சிங்களத்தில் கேட்டான். சென்ட் சென்ட் என்று இரண்டு தரம் சொன்னேன். அவன் நம்பவில்லை. மூடியைக் கழற்றி என் சட்டையில் புஸ் புஸ் என்று அடித்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று, எனக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. பிறகு கிட்டே வந்து முகர்ந்தான், சிரித்தான், போ என்று கை காட்டினான். நான் முதன்முதலாக சென்ட் போட்டுக்கொண்டது இப்படித்தான், அரசாங்கச் செலவில்.

அவிசாவளையில் இறங்கி அடுத்த பஸ் பிடித்தேன். அது கரவனல்லைக்கு முன்னால் டயர் வெடித்து நின்றது. நம் ஊராக இருந்தால் டிரைவரை ஆளுக்கொரு வார்த்தை திட்டியிருப்பார்கள். இங்கே எல்லோரும் பேசாமல் இறங்கி ரோட்டோரக் கடையில் பிளேன் டீ குடித்தார்கள். பால் இல்லை, கையில் ஒரு துண்டு கருப்பட்டி, அதைக் கடித்துக்கொண்டே டீயை உறிஞ்ச வேண்டும். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் என் சட்டையைப் பார்த்து, மழை பெய்த தோட்டம் மாதிரி மணக்கிறீர்கள் என்று சிங்களத்தில் சொன்னதாக ஒருவர் எனக்குத் தமிழாக்கிச் சொன்னார். என் மனைவி கெட்டிக்காரிதான் என்று அப்போது நினைத்தேன்.

புஷ்பத்தின் வீடு தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கடைசிக் காம்பரா. ஒரு அறை, முன்னால் ஒரு தாழ்வாரம், பின்னால் அடுப்படி. உள்ளே கால் வைத்ததும் குப்பென்று ஒரு நாற்றம். புளித்த மோரையும் ஊசின முட்டையையும் ஒன்றாக மூடி வைத்த மாதிரி. நான் மூக்கைச் சுளிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் புஷ்பத்தின் புருஷன் முத்துராஜ் கண்டுபிடித்துவிட்டான். “ரப்பரு மச்சான். என் கூலி வாசம்,” என்றான். இந்தப் பக்கம் மேலே தேயிலை, கீழே ரப்பர். அவன் கீழே ஒரு தனியார் தோட்டத்தில் பால் வெட்டுகிறான். காய்ந்துபோன ஒட்டுப்பாலைச் சுரண்டி மூட்டை கட்டித் தோளில் தூக்கி வருகிற ஆள். தோலில் ஏறிய வாசம் எந்த சோப்புக்கும் இறங்காது. எனக்கு அவன்மேல் உடனே ஒரு பாசம் வந்துவிட்டது. கிரீஸ்காரனுக்கு ரப்பர்காரன் சொந்தம்தானே.

அறையின் மூலையில் சேலையைத் திரையாகக் கட்டி தர்ஷினியை உட்கார வைத்திருந்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து “மாமா” என்று ஒரு குரல் மட்டும் வந்தது. சாப்பாடு பாண் என்கிற பேக்கரி ரொட்டியும் பருப்பும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும். சம்பலின் காரம் காதில் புகை வரச் செய்தது. புஷ்பம் மட்டும் தனியாக ஒரு தட்டில் வெறும் பருப்பைத் தொட்டுப் பாணைச் சாப்பிட்டாள். வெங்காயம் இல்லை, கருவாடு இல்லை. விரதமா என்று கேட்டேன். விரதந்தான், ஸ்டோர் விரதம் என்றாள். தேயிலை ஃபேக்டரியை இவர்கள் ஸ்டோர் என்றுதான் சொல்கிறார்கள்.

அவள் நிலைமை எனக்கு மறுநாள் முழுசாகப் புரிந்தது. மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் கூடையோடு சரிவில் விழுந்து புஷ்பத்தின் முழங்கால் முறிந்திருக்கிறது. நடக்கலாம், மலை ஏற முடியாது. தோட்டத்து மேனேஜர் தொரை இரக்கப்பட்டு ஸ்டோரில் தூள் சலிக்கிற அறையில் தற்காலிகமாகப் போட்டிருந்தார். வருகிற திங்கட்கிழமை அவர் வந்து, நிரந்தரமா இல்லையா என்று சொல்லப் போகிறார். இல்லை என்றால் மலைக்குத் திரும்ப வேண்டும். மலைக்குப் போக முடியாது என்றால் தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டு. காம்பரா அவள் பேரில் இருக்கிறது, அவள் அம்மாவிடமிருந்து வந்தது. முத்துராஜுக்கு இந்தத் தோட்டத்தில் பேரில்லை. பேர் போனால் கூரையும் போய்விடும்.

இதில் இடைஞ்சல் என்னவென்றால் அந்த நாற்றம். தேயிலைத் தூள் பொல்லாதது, பக்கத்தில் எது மணத்தாலும் தனக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால் சலிக்கிற அறைக்குள் பூ வைக்கக் கூடாது, பவுடர் போடக் கூடாது, வெங்காயம் தின்றுவிட்டு வரக் கூடாது. டீமேக்கர் சிவபாதம் யாழ்ப்பாணத்து மனுஷர். ஃபேக்டரி முழுக்க அவர் பொறுப்பு. இரண்டு தரம் புஷ்பத்தைக் கூப்பிட்டு, உன்னிடம் ரப்பர் மணக்கிறது, இதற்கு ஒரு வழி பண்ணாவிட்டால் தொரையிடம் நல்லதாகச் சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருந்தார். அவள் விடியற்காலையில் குளித்து, தனியாகப் பெட்டியில் வைத்த சேலையை உடுத்தி, வாசலில் நின்றே தலை சீவிக்கொண்டு போகிறாள். ஆனாலும் அது ஒரே அறை. புருஷன் மூச்சு விட்டாலே ரப்பர்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது புஷ்பம் வந்து தயங்கி நின்றாள்.

“அண்ணே, உங்க சட்டையில மணக்குதே, அது நெசமாவே தேயில சென்ட்டா?”

பாட்டிலை எடுத்துக் காட்டினேன். பச்சைத் தேயிலை என்றுதான் இங்கிலீஷில் எழுதியிருக்கிறது என்று படித்துச் சொன்னேன். அவள் இரண்டு இலை ஒரு மொட்டுப் படத்தை விரலால் தடவினாள். மூடியைத் திறந்து முகர்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்டோர் மாடியில் கொழுந்தை வாடப் போட்டிருக்கும்போது விடியற்காலையில் இப்படித்தான் ஒரு மணம் வரும் என்றாள்.

“தேயிலைக்குள்ள தேயில வாசம் போனா யாருக்குத் தெரியப் போவுது? ரப்பர் வாசத்த அமுக்கிருமில்ல?”

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. முத்துராஜுக்கும் பட்டது. தண்ணீரில் தண்ணீரை ஊற்றினால் என்ன கெடப் போகிறது என்றான். அவள் கழுத்தில் ஒன்று, இரண்டு கையிலும் ஒவ்வொன்று அடித்துக்கொண்டாள். ரப்பர் நாற்றம் பறந்தே போய்விட்டது. திரைக்குப் பின்னாலிருந்து தர்ஷினி, “அம்மா, சூப்பரா மணக்குற,” என்றாள். புஷ்பம் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மத்தியானத்துக்கு முன்பே திரும்பி வந்துவிட்டாள். காலை இழுத்து இழுத்துப் படியிறங்கி வருவதை லயத்தில் எல்லோரும் பார்த்தார்கள். வந்தவள் உள்ளே போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். வேலியில் போன ஓணானை மடியில் எடுத்து விட்டுக்கொண்டேனே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நடந்ததை ஒவ்வொன்றாகப் பிடுங்கித்தான் கேட்க வேண்டியிருந்தது. அறைக்குள் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான் சலித்திருக்கிறாள். அதற்குள் டீமேக்கர் வந்துவிட்டார். வாசலில் நின்றவர் ஒரு மூச்சு இழுத்ததுமே முகம் மாறிவிட்டது. சலிப்பு மெஷினை நிறுத்தச் சொல்லி, அவள் கை பட்ட தூளையெல்லாம் தனிப் பெட்டிகளில் அள்ளி வைத்து, அவளை வெளியே போகச் சொல்லிவிட்டார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஒரு பொம்பளையைப் பத்துப் பேர் முன்னால் இப்படியா அனுப்புவது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டோருக்குக் கிளம்பினேன். புஷ்பம் பின்னாலேயே வந்தாள், சண்டை போடாதீங்கண்ணே என்று கெஞ்சிக்கொண்டே. டீமேக்கர் வாசலுக்கு வந்தார். ஒல்லியான மனுஷர், நெற்றியில் திருநீறு, கண்ணுக்குக் கீழே கருப்பு. நான் வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

“அங்கேயே நில்லுங்கோ. உங்களிட்டையும் அதே மணம்.”

நின்றேன். வேறு வழி? ஐயா, அது தேயிலை சென்ட்தான், தெரியாமல் செய்துவிட்டாள் என்று தொலைவிலிருந்தே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“பேரில தேயிலை எண்டு போட்டால் தேயிலை ஆகுமே? சென்ட் சென்ட்தான். போன மாசம் ஒரு லொட்டுத் தேயிலை மணம் பிடிச்சதெண்டு கொழும்பிலயிருந்து திருப்பி விட்டவங்கள். நானும் இஞ்ச ஒரு தமிழன், என்னைத் தூக்கவும் ஆக்கள் நிக்கினம். நாளைக்குக் காலமை இந்தப் பெட்டியளை ஊத்திக் குடிச்சுப் பாப்பன். மணம் பிடிக்கேல்லை எண்டால் பிள்ளை உள்ள வரலாம். பிடிச்சிருந்தால் நான் ஒண்டும் செய்யேலாது.”

அவ்வளவுதான். சண்டை போட வந்தவன் கும்பிடு போட்டுத் திரும்பினேன். பெட்டி சுத்தமாக இருந்தாலும் அவள் மேல் துளி மணம் இருக்கக் கூடாது, வாசலில் வைத்துப் பார்ப்பேன் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்.

அன்று சாயங்காலம் நடந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அப்போது ஒருத்தருக்கும் வரவில்லை. புஷ்பத்தை ஓடைக்குக் கூட்டிப் போய்ப் பெண்கள் தேய்க்க ஆரம்பித்தார்கள். எலுமிச்சம்பழம், கடலைமாவு, அரிசி கழுவின தண்ணீர், அடுப்புச் சாம்பல். பக்கத்துக் காம்பராவில் மெனிக்கே என்று ஒரு சிங்களப் பெண், புஷ்பத்தோடு கொழுந்து பறித்தவள். அவள்தான் நீதிபதி. ஒவ்வொரு தரம் தேய்த்து முடித்ததும் புஷ்பத்தின் கழுத்தில் மூக்கை வைத்து இழுத்துப் பார்ப்பாள், இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று சிங்களத்தில் சொல்வாள். திரும்பவும் சாம்பல். கழுத்து சிவந்து தோல் உரிந்துவிட்டது என்று மெனிக்கேயே பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். துபாய்க்காரன் சென்ட்டைப் பற்றி எனக்கு அப்போது வாயில் வந்ததை அச்சில் போட முடியாது.

வீட்டையும் கழுவினோம். திரையைத் துவைத்தோம். அதற்குப் பிறகும் இரண்டு பொருள்கள் மிச்சம் இருந்தன. ஒன்று ரப்பர் மணக்கிற முத்துராஜ், இன்னொன்று சென்ட் மணக்கிற நான். யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. முத்துராஜே பாயைச் சுருட்டிக்கொண்டான். “வாங்க மச்சான், கோயில்ல படுத்துக்குவோம்,” என்றான். மாரியம்மன் கோயில் முன்மண்டபத்தில் ஆளுக்கொரு தூணாகச் சாய்ந்து உட்கார்ந்தோம். கீழே ரப்பர்க் காடு கருத்துக்கொண்டு வந்தது. ரப்பரை விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன், ஆனால் விட்டால் அடுப்பு எரியாது என்றான். கல்யாணமான புதிதில் அவளுக்கு அந்த வாசத்தில் வாந்தி வரும், ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை, திரும்பிப் படுத்துக்கொள்வாள், அவ்வளவுதான் என்றான். எனக்கு என் வீட்டுக்காரி ஞாபகம் வந்தது. வெற்றிலைப் பையை நகர்த்திக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலையில் ஸ்டோருக்குப் போனோம். என்னை வெளியே ஜன்னலோரம் நிற்க வைத்துவிட்டார்கள். முத்துராஜ் அதற்கும் தள்ளி, ரோட்டு வளைவில் நின்றான். புஷ்பம் வாசற்படியில், கையைக் கட்டிக்கொண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீளமான ஒரு மேசை, வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். டீமேக்கர் ஒவ்வொன்றிலும் கரண்டியை விட்டு, உஸ்ஸென்று சத்தம் வர உறிஞ்சி, வாயில் சுழற்றி, பக்கத்தில் இருந்த வாளியில் துப்பினார். அடுத்த கோப்பை. உறிஞ்சல், துப்பல். நம் ஊரில் டீயை இப்படித் துப்பினால் டீக்கடைக்காரன் அடிக்க வருவான்.

ஒரு கோப்பையில் நின்றார். துப்பிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். தண்ணீரில் வாயைக் கொப்புளித்துவிட்டு அதே கோப்பைக்குத் திரும்பி வந்தார். புஷ்பம் கண்ணை மூடிக்கொண்டாள், உதடு மட்டும் மாரியாத்தா மாரியாத்தா என்று அசைந்தது. அவர் மற்ற கோப்பைகளையெல்லாம் முடித்துவிட்டு மூன்றாம் தரமும் அதற்கே வந்தார். இந்தத் தடவை துப்பவில்லை. விழுங்கிவிட்டார். கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

“தப்பிச்சீர் பிள்ளை. தேயிலை சுத்தம். உடன கண்டபடியால் தப்பிச்சுது.”

பிறகு அவளைச் சுற்றி வந்து, தலைப்பக்கம், தோள்பக்கம் மூச்சிழுத்துப் பார்த்தார். விமான நிலையத்தில் பெட்டியை மோப்பம் பிடிக்கிற நாய்கூட இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளாது. சரி, உள்ளே போம் என்றார். அவள் படி ஏறியபோது, நினைவு வந்தவர் போல, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சடங்காமே என்று கேட்டார். ஆமாங்க ஐயா என்றாள். நல்ல விசயம் என்றார். கொஞ்சம் நின்று, எங்கேயோ பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“திங்கள் காலமை தொரை நிக்கேக்கை இதே வாசலில நான் மணந்து பாக்கோணும். சந்தனம், சாம்பிராணி, பூ, ஒண்டும் இருக்கப்படாது. யோசிச்சு நடவும்.”

முதலில் எனக்கு அதன் பாரம் உறைக்கவில்லை. வேலை பிழைத்த சந்தோஷத்தில் கடைத்தெருவுக்குப் போய்ச் சேவல் வாங்கினேன், முத்துராஜ் வாழைக்குலைக்குச் சொல்லி வைத்தான். சாயங்காலம் பந்தல் போடும்போதுதான் புஷ்பம் சொன்னாள். பந்தலுக்குள் நான் வர மாட்டேன் என்றாள்.

நான் கத்திவிட்டேன். பெற்ற பிள்ளையின் சடங்கு, வாழ்நாளில் ஒரு தடவை, தாயில்லாமல் அதென்ன சடங்கு, இதற்கா நான் கடல் தாண்டி வந்தேன் என்று என்னென்னவோ சொன்னேன். ராத்திரி குளித்துக்கொள், திங்கள் காலையில் குளித்துக்கொள் என்றேன். அவள் கழுத்தைக் காட்டினாள். சாம்பல் தேய்த்த இடம் இன்னும் சிவந்திருந்தது. “ஒரு நாள் வாசத்துக்கு ஆசப்பட்டு இந்தக் கதிக்கு வந்தேன். இன்னொரு தரம் என் புள்ளையோட கூரைய பந்தயம் கட்ட மாட்டேண்ணே,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. லயமே மணத்தது. அரைத்த சந்தனம், மஞ்சள், மல்லிகை, தட்டில் வாழைப்பழம், கரி அடுப்பில் போட்ட சாம்பிராணி. சாதாரணமாக நான் கவனிக்கவே மாட்டேன். அன்றைக்கு ஒவ்வொரு வாசனையும் எனக்குத் தனித்தனியாகத் தெரிந்தது, ஒவ்வொன்றும் பயமாக இருந்தது. புஷ்பம் லயத்துக்கு எதிரே, பலாமரத்தடியில் பழைய சேலையோடு நின்றாள். தலையில் பூவில்லை, நெற்றியில் வெறும் ஒட்டுப்பொட்டு. வந்த சனங்களில் விஷயம் தெரியாத ஒருத்தி, தீட்டா என்று கேட்டுவிட்டுப் போனாள். புஷ்பம் ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

வீட்டை விட்டுப் போயிருந்த முத்துராஜ் குளித்துச் சந்தனம் பூசிப் பந்தலுக்குள் நின்றான். வாசம் ஆகாது என்று ஒதுங்கியிருந்தவன் உள்ளே, அவள் வெளியே. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஐந்து சுமங்கலிகள் தர்ஷினிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். மெனிக்கேயும் ஒரு குடம் ஊற்றினாள். நான் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு பந்தலைச் சுற்றி வந்தேன். நம் ஊர் மாதிரி மேளம் இல்லை, ஒரே ஒரு தப்பு, அதுவும் ரோட்டில் ரோந்துக்காரர்கள் போகும்போது நிறுத்தி நிறுத்தி அடித்தார்கள். பட்டுச்சேலையைக் கொடுத்தேன், தோட்டைக் கொடுத்தேன். திரைக்குப் பின்னால் குரலாக மட்டும் இருந்த பிள்ளை, சேலை உடுத்தி, முழங்கைவரை சந்தனமும் தலை நிறையப் பூவுமாக வெளியே வந்தபோது அச்சு அசல் என் சின்னம்மாவாக இருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதேன்.

பெரியவர்கள் காலில் விழச் சொன்னார்கள். அப்பா காலில் விழுந்தாள், என் காலில் விழுந்தாள். பிறகு நேராகப் பந்தலை விட்டு இறங்கி பலாமரத்தைப் பார்த்து நடந்தாள். தப்பு நின்றுவிட்டது.

“அங்கேயே நில்லு பாப்பா,” என்றாள் புஷ்பம். “காத்து எம்பக்கம் அடிக்குது.”

தர்ஷினி நின்றாள். சேலைத் தலைப்பு எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தாள். பிறகு வந்த வழியே கொஞ்சம் திரும்பி, அம்மாவைத் தொலைவிலேயே சுற்றிக்கொண்டு போய், காற்று அம்மாவிடமிருந்து தன் பக்கம் வருகிற இடமாகப் பார்த்து நின்றாள். அங்கிருந்து மெல்ல மெல்லக் கிட்டே வந்தாள். போதும் என்று புஷ்பம் கையை நீட்டியதும், புதுப் பட்டு மண்ணில் படிய அங்கேயே விழுந்து கும்பிட்டாள். கை எட்டுகிற தூரமில்லை. புஷ்பம் இரண்டு கையையும் காற்றில் தூக்கி ஆசீர்வாதம் பண்ணினாள். அழுதாள், ஆனால் கிட்டே போகவில்லை. பிள்ளையும் எழுந்து கிட்டே வரவில்லை.

அன்று ராத்திரி புஷ்பம் மெனிக்கே வீட்டில் தனியாகப் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை எனக்குக் காலை பஸ். என் கையிலும் சந்தனம் இருந்ததால் அவளிடம் போய்ச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. பெட்டியோடு ரோட்டு வளைவில் நின்றேன், முத்துராஜ் பக்கத்தில். அங்கிருந்து ஸ்டோர் வாசல் தெரியும். வாசலில் தொரையின் ஜீப் நின்றது. புஷ்பம் படியில் நின்றாள். டீமேக்கர் குனிந்து அவள் தலைப்பக்கம் மூச்சிழுத்தார், தோள்பக்கம் இழுத்தார், கையைத் திருப்பிப் பார்த்தார். நிமிர்ந்து தொரையிடம் ஏதோ சொன்னார். இங்கே வரை கேட்கவில்லை. தொரை சரி என்று தலையை ஆட்டினார். புஷ்பம் காலை இழுத்துப் படியேறி உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

முத்துராஜ் அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டான். தனக்குத்தானே பேசுகிற மாதிரி, அவள் பேர் நிலைத்துவிட்டது, இனிமேல் காம்பரா போகாது என்று சொல்லிக்கொண்டான். அந்தப் பச்சைப் பாட்டிலை அவனிடம் கொடுத்தேன். ரப்பர் மரத்துக்கு ஆட்சேபணை இருக்காது, நீயாவது போட்டுக்கொள் என்றேன். அவன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு என் பெட்டியிலேயே திரும்ப வைத்தான்.

“வேணாம் மச்சான். சாயந்தரம் அவ வந்ததும் புள்ளையக் கட்டிப் புடிச்சுக்குவா. அதுக்குள்ள புள்ள மேல சந்தனம் காஞ்சு வாசம் போயிரும். வீட்டுல வேற வாசம் எதுவும் வேணாம்.”

அவிசாவளை பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.